வட்டு என்கிற புனைவும் அதை வாசிக்கிறவர்களும்

சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு அச்சுப்பொறியின் முன்னால்தான் போய் நிற்பார்கள். 1980ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை அறிவுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாகத் தருகிறது. அச்சடிக்கும்போது தாள் சிக்கிக்கொள்கிறது. பழைய அச்சுப்பொறியில் இப்படி நடந்தால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதுக்கு மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகத் தெரிந்து நேரில் போய்க் கேட்கிறார். வெளியே தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிடுகிறார். 1983இல் குனூ திட்டம் அறிவிக்கப்படுகிறது. 1989இல் ஜிபிஎல் உரிமம் வருகிறது.

சொல்லிச் சொல்லியே ஒரு நீதிக்கதையாகத் தேய்ந்துபோன சம்பவம் இது. இதில் கவனிக்காமல் விடப்படுவது ஒன்றுண்டு. ஸ்டால்மன் கேட்டுப் போனது ஒரு இயங்குதளத்தையல்ல. கணக்குப் போடும் செயலியையுமல்ல. ஒரு கருவிக்கும் அதைப் பயன்படுத்துகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நிரலை. இன்றைய பேச்சில் அதன் பெயர் டிரைவர். ‘இயக்கி’ என்று தமிழில் எழுதுகிறோம். (பேருந்தை ஓட்டுகிறவரை டிரைவர் என்றே அழைத்துவிட்டு, இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவனுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறோம், இருக்கட்டும்.) பார்க்கப்போனால் அது எதையும் ‘இயக்குவது’ இல்லை. மொழிபெயர்க்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒரு மொழியில் கேட்கிறது, கருவி வேறொரு மொழியில் பதில் சொல்கிறது, நடுவில் இது. ஆகவே இயக்கியின் மூலநிரலை மறைத்து வைப்பதென்பது துபாஷியின் வாயைப் பூட்டுவது மாதிரி. கருவி உங்கள் வீட்டில், உங்கள் மேசைமேல், உங்கள் காசில் வாங்கியது. அதோடு பேசும் உரிமை மட்டும் வேறொருவரிடம்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அச்சுப்பொறியை அல்ல, வட்டை. இன்னும் சரியாகச் சொன்னால், வட்டாக இல்லாத வட்டை.

சுழலும் வட்டு உண்மையிலேயே சுழன்றது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம். ஃபிளாஷ் சில்லுகளால் ஆன திடநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தை வாசிக்கச் சில பத்து மைக்ரோ விநாடிகள் போதும். ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் முதலில் வந்த திடநிலைச் சேமிப்பகங்கள் பழைய வட்டின் வேஷத்தைப் போட்டுக்கொண்டுதான் வந்தன. பழைய கம்பி, பழைய பேச்சு. சுழலும் வட்டுக்காக 2004இல் வகுக்கப்பட்ட ஏஹெச்சிஐ முறையில் ஒரே ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள், அவ்வளவுதான். மெதுவான ஆளிடம் அதற்குமேல் வேலை சொல்லிப் பயனில்லை என்ற அனுமானம் அந்த முறைக்குள் புதைந்து கிடந்தது. பிறகு சில நிறுவனங்கள் ஃபிளாஷை நேரே பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் கொண்டுவந்து செருகின. வேகம் வந்தது, கூடவே ஆளுக்கொரு தனி மொழியும் வந்தது, அதற்கு ஆளுக்கொரு தனி இயக்கியும் வந்தது. விண்டோஸுக்கு ஒன்று, பெருநிறுவனங்கள் வாங்குகிற லினக்ஸுக்கு ஒன்று. மற்றவர்கள்? கேள்வியே எழவில்லை.

2011 மார்ச் 1 அன்று என்விஎம்இ என்கிற பொதுவரையறையின் முதல் பதிப்பு வெளிவந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். சிறிய இயங்குதளங்களின் மேலுள்ள பிரியத்தால் யாரும் அதை எழுதவில்லை. ஒவ்வொரு சேமிப்பகத்துக்கும் தனித்தனி இயக்கி எழுதிப் பராமரிக்கிற செலவு பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகவில்லை என்பதால் எழுதினார்கள். ஆனால் ஒரு ஆவணம் யாருக்காக எழுதப்பட்டது என்பதும், அது யாருக்குப் பயன்படுகிறது என்பதும் வேறுவேறு. வரையறை யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிடப்பட்டது. அதைப் படித்தவர்களில் ஓரத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

அதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் ஆப்பிள் செய்ததன் கனம் புரியாது. என்விஎம்இயில் கட்டளைகள் கணினியின் சொந்த நினைவகத்தில், வட்டமாக அமைந்த ஒரு வரிசையில் எழுதி வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டளையும் சரியாக 64 பைட். எந்த இடத்திலிருந்து, எவ்வளவு, எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதெல்லாம் அந்த 64 பைட்டுக்குள் அடங்கும். எழுதியபின் இயக்கி சேமிப்பகத்தின் ஒரு பதிவேட்டில் ஒரு எண்ணை எழுதுகிறது. அந்தப் பதிவேட்டின் பெயரே ‘அழைப்பு மணி’தான். மணி அடித்ததும் சேமிப்பகம் தானே வந்து நினைவகத்திலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு போகிறது, வேலையை முடிக்கிறது, இன்னொரு வரிசையில் 16 பைட் அளவில் ‘முடிந்தது’ என்று எழுதிவைத்துவிட்டு ஒரு இடைமறிப்பு அனுப்புகிறது. பழைய சீட்டு எது, புதிய சீட்டு எது என்று இயக்கிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு பிட் அடையாளம். வரிசை ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது அந்த பிட் 0லிருந்து 1ஆகவோ, 1லிருந்து 0ஆகவோ மாறும். ரொம்ப எளிமை, அழகு என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட வரிசைகளை 65,535 வரை வைத்துக்கொள்ள வரையறை இடம் தருகிறது. ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை. செயலியின் ஒவ்வொரு கருவுக்கும் தனி வரிசை கொடுத்துவிட்டால் யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம்.

எளிமை என்பதற்கு இங்கே ஓர் அரசியல் அர்த்தம் இருக்கிறது. அடிப்படையான என்விஎம்இ இயக்கி ஒன்றைத் தனியாள் எழுதி முடிக்க முடியும். அப்படி நடந்தும் இருக்கிறது. லினக்ஸுக்கான முதல் இயக்கி இன்டெல்லில் வேலை பார்த்த மேத்யூ வில்காக்ஸ் எழுதியது, 2012இல் 3.3ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஃப்ரீபிஎஸ்டிக்கு ஜிம் ஹாரிஸ் எழுதியதும் இன்டெல் சம்பளத்தில்தான். ஆனால் ஓப்பன்பிஎஸ்டிக்கு டேவிட் க்வின் எழுதிய இயக்கி 6.0ஆம் பதிப்பில், 2016இல், வந்தது. அதை அப்படியே எடுத்து நெட்பிஎஸ்டிக்காரர்கள் தங்கள் 8.0ஆம் பதிப்பில் பொருத்திக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதை ஆவணத்திலேயே எழுதியும் வைத்தார்கள். கடன் வாங்குவது இங்கே கௌரவக் குறைவில்லை.

ஹைக்குவின் கதை இன்னும் சுவாரசியமானது. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கசே 1990இல் தொடங்கிய பீ நிறுவனத்தின் இயங்குதளம் பீஓஎஸ். நிறுவனம் 2001இல் பாம் நிறுவனத்திடம் விற்கப்பட்டது, இயங்குதளம் அநாதையானது. அதன் பயனாளிகள் சிலர் மூலநிரல் இல்லாமலே, முதலிலிருந்து, அதை மறுபடி எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கு. முதல் பீட்டா வெளிவர 2018 ஆனது. பதினேழு வருஷம்! அதற்குள் உலகம் என்விஎம்இக்கு மாறியிருந்தது. புதிய மடிக்கணினி ஒன்றில் ஹைக்குவை ஏற்றினால் அது வட்டையே காணாது. 2019இல் இயக்கி எழுதப்பட்டு, 2020இல் வந்த இரண்டாம் பீட்டாவில் சேர்ந்தது. அந்த நிரலின் தலைப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வம்சாவளியே இருக்கிறது. கர்னலுக்கு வெளியே இருந்தபடி சேமிப்பகத்தோடு நேரே பேச இன்டெல் எழுதிய நிரல்தொகுப்பு. அதைச் சுருக்கி வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்த நூலகம். அந்த நூலகத்தைக் கர்னலுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தது ஹைக்கு. தரவுமையங்களில் மைக்ரோ விநாடிகளை மிச்சம் பிடிப்பதற்காக எழுதிய நிரல், விற்பனைக்கே இல்லாத ஒரு இயங்குதளத்தில் வந்து குடியேறிவிட்டது.

இது சாத்தியமானதற்குக் காரணம் பிஎஸ்டி உரிமம். இவ்விடத்தில் நம்மில் பலருக்குச் சங்கடமான ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். ஜிபிஎல் உரிமம்தான் ‘முழுமையான’ சுதந்திரம், பிஎஸ்டி வகை உரிமங்கள் முதலாளிகளுக்கு வாசலைத் திறந்து வைப்பவை என்று பேசுவது வழக்கம். அது பொய்யென்று சொல்ல வரவில்லை. ஆனால் உலகத்திலேயே பெரிய இயக்கிக் களஞ்சியம் லினக்ஸில் இருக்க, எம்ஐடி உரிமத்தில் இயங்கும் ஹைக்குவோ பிஎஸ்டிகளோ அதிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட எடுத்துத் தங்கள் கர்னலில் ஒட்டிக்கொள்வதில்லை. எடுத்தால் தங்கள் உரிமமே மாறிவிடும். படிக்கலாம், புரிந்துகொள்ளலாம், பிறகு தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். பெருமுதலாளிகளுக்கு எதிராகக் கட்டிய வேலி, சின்னவர்களுக்கும் வேலியாகத்தான் நிற்கிறது. சுதந்திரத்தைக் காக்கும் ஏற்பாடு எந்த மையத்தைச் சுற்றிக் கட்டப்படுகிறதோ அந்த மையத்துக்குத்தான் முதலில் பயன்படும். லினக்ஸும் இன்று ஒரு மையம்தான்.

‘ஓரத்துக் கணினி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதும் இங்கே தெளிவாகிறது. அது கருவியின் இயல்பல்ல, உறவு. ஒரே மடிக்கணினி விண்டோஸ் ஓடும்போது மையத்தில் இருக்கிறது, ஹைக்கு ஓடும்போது ஓரத்துக்கு வந்துவிடுகிறது. செயலியே வேறானவை வேறு வகை ஓரம். பவர்பிசி செயலியில் ஓடும் அமிகாஒன் எக்ஸ்5000 போன்றவை எண்களைப் பெரிய முனையிலிருந்து எழுதுகின்றன. என்விஎம்இ வரையறையோ சிறிய முனையிலிருந்து எழுதச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டளையிலும் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் போட வேண்டும். ஒரு இடத்தில் மறந்தால் போச்சு, வேறெங்கோ எழுதிவிடும். (முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று ஸ்விஃப்டின் கல்லிவர் கதையில் வரும் சண்டையிலிருந்துதான் டேனி கோஹன் 1980இல் இந்தப் பெயரை எடுத்து வைத்தார். பகடியாக வைத்த பெயர் கலைச்சொல்லாகிவிட்டது.) சிறிய முனைக் கணினியிலேயே எழுதிச் சோதித்த இயக்கியில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. பெரும்பான்மையின் பழக்கம் ‘இயல்பு’ என்கிற பெயரில் நிரலுக்குள் நுழைவது இப்படித்தான்.

இன்னொரு தடை உண்டு. இயங்குதளத்துக்கு இயக்கி இருந்தால் போதாது; கணினியை எழுப்பி இயங்குதளத்தை வட்டிலிருந்து எடுத்துவரும் தொடக்க நிரலுக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். பல பழைய கணினிகளில் என்விஎம்இ வட்டைச் செருகலாம், பயன்படுத்தலாம், ஆனால் அதிலிருந்து கணினியைத் தொடங்க முடியாது. ராப்டர் நிறுவனத்தின் தாலோஸ் 2 போன்ற பவர்9 கணினிகளில் இதற்கு அசலான தீர்வு இருக்கிறது. அங்கே தொடக்க நிரலே ஒரு சிறிய லினக்ஸ்தான். அது வட்டைப் படித்து அடுத்த கர்னலைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. லினக்ஸுக்குத் தெரிந்த வட்டெல்லாம் அதற்கும் தெரியும். முழுக்கத் திறந்த மூலநிரல். விலைதான் நம்மால் எட்ட முடியாதது.

இனி ஆப்பிள்.

பொதுவரையறை வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிளின் சேமிப்பகங்கள் நல்ல பாடம். 2015இன் 12 அங்குல மேக்புக்கில் இருந்தது என்விஎம்இதான். ஆனால் தன்னை அந்த வகையென்று அது சரியாக அடையாளம் சொல்லிக்கொள்ளவில்லை. லினக்ஸில் அதைப் பெயர் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2018இலிருந்து வந்த டி2 சில்லுக் கணினிகளில் கட்டளை 64 பைட்டுக்குப் பதில் 128 பைட். இடைமறிப்பு ஒன்றே ஒன்று. நிர்வாகக் கட்டளைகளும் சாதாரணக் கட்டளைகளும் தங்கள் அடையாள எண்களைப் பொதுவில் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் எந்த ஆவணத்திலும் சொல்லப்படவில்லை. 2019இல் 5.4ஆம் பதிப்பில்தான் லினக்ஸ் இதற்கு ஈடுகொடுத்தது. கவனிக்க வேண்டும்: இது வரையறையை நிராகரிப்பதல்ல. வரையறையின் பெயரை வைத்துக்கொண்டே உள்ளே சொல்லின் பொருளை மாற்றுவது. நிராகரித்தால் எதிர்த்துப் பேசலாம். இதை எதிர்த்து என்ன பேசுவது?

2020 நவம்பரில் எம்1 வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். என்விஎம்இ கட்டுப்படுத்தி தனி அட்டையாக இல்லை, பிசிஐ எக்ஸ்பிரஸில்கூட இல்லை. செயலிச் சில்லுக்குள்ளேயே, ஆர்டிகிட் என்கிற ஆப்பிளின் சொந்த இயங்குதளத்தை ஓட்டும் ஒரு துணைச் செயலி. முதலில் அதற்கு அஞ்சல்பெட்டி வழியாகச் செய்தி அனுப்பி எழுப்ப வேண்டும். நினைவகத்தின் எந்தெந்தப் பகுதியை அது தொடலாம் என்று சார்ட் எனப்படும் ஒரு வடிகட்டியில் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் அது தொடப்போகும் பக்கங்களின் விவரத்தை இன்னொரு காவல் அமைப்புக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். முன்பு சொன்ன வட்ட வரிசையும் இங்கே இல்லை. சீட்டைக் குறிப்பிட்ட எண்ணுள்ள கட்டத்தில் வைத்துவிட்டு அந்த எண்ணையே மணியாக அடிக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் இதில் பல ஏற்பாடுகள் பாதுகாப்புக்கு நல்லவை. கெட்ட துணைச் செயலி நினைவகம் முழுவதையும் மேயாமல் தடுப்பவை. குறை அமைப்பில் இல்லை, மௌனத்தில் இருக்கிறது. மற்ற இயங்குதளங்களைத் தொடங்கவும் ஆப்பிள் வழி விட்டிருந்தது. அவை வட்டோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை மட்டும் எழுதித் தரவில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு இல்லை.

ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம் இந்த இருட்டை வாசித்த முறையை ஒரு வாசிப்புக் கோட்பாடாகவே எடுத்துப் பேசலாம். ஆப்பிளின் இயக்கியைப் பிரித்து உள்ளே படிப்பது என்ற வழியை அவர்கள் தவிர்த்தார்கள். சட்டச் சிக்கல் ஒரு காரணம். அதற்குப் பதிலாக எம்1என்1 என்று ஒரு மெல்லிய நிரலை எழுதினார்கள். அது கணினியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிளின் இயங்குதளத்தையே தன் மடியில் ஓடவிட்டு, அது கருவிகளோடு பேசும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்யும். எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதியது, என்ன பதில் வந்தது. ஆசிரியரைக் கேட்பதில்லை, ஆசிரியரின் குறிப்பேட்டைத் திருடுவதுமில்லை. பேச்சை மட்டும் கேட்டு இலக்கணத்தை ஊகிப்பது. எழுத்தில்லாத மொழிக்கு இலக்கணம் எழுதப் போகிறவர் செய்வது இதுதான். இலக்கணம் சரியா என்று சோதிக்க ஒரே வழி, அந்த மொழியில் தானே ஒரு வாக்கியம் பேசிப் பார்ப்பது. புரிந்தால் பதில் வரும், புரியாவிட்டால் துணைச் செயலி மயங்கி விழும். ஸ்வென் பீட்டர் எழுதிய இயக்கி 2022 ஜூலை இறுதியில் 5.19ஆம் பதிப்பில் லினக்ஸுக்குள் வந்தது. அதே வருஷம் ஏப்ரலிலேயே ஓப்பன்பிஎஸ்டி 7.1 ஆப்பிள் சிலிக்கான் கணினிகளுக்கு ஆதரவை அறிவித்துவிட்டது.

உரிமம் பற்றி முன்பு சொன்னது இங்கே வேறு விதமாகத் திரும்பி வருகிறது. சார்ட் வடிகட்டிக்கான நிரலும் ஆர்டிகிட்டோடு பேசும் நிரலும் ‘ஜிபிஎல் அல்லது எம்ஐடி’ என்று இரட்டை உரிமத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பிஎஸ்டிக்காரர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்றே அப்படி. ஆனால் என்விஎம்இ இயக்கிக் கோப்பு மட்டும் தனி ஜிபிஎல். ஏனென்றால் அது லினக்ஸில் ஏற்கெனவே இருந்த இன்டெல்லின் நிரலை அடியொற்றி எழுதப்பட்டது. தாராளம் காட்ட நினைத்தாலும் பரம்பரைச் சொத்தில் கைவைக்க முடியாது! ஒரே பணியின் பக்கத்துப் பக்கத்துக் கோப்புகளில் இந்த இரண்டு சுதந்திரங்களும் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

வாசித்ததில் வெளிவந்த ஒரு சமாச்சாரம் முக்கியமானது. நிரல் ஒன்று ‘இதைப் பத்திரமாக எழுதிவிடு’ என்று கேட்டால் லினக்ஸ், வட்டின் தற்காலிக நினைவில் இருப்பதையும் நிரந்தர இடத்துக்குத் தள்ளச் சொல்லி வட்டுக்கு ஆணை அனுப்பும். ஆப்பிளின் இயங்குதளத்தில் அதே பெயருள்ள வேண்டுகோள் வட்டுவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றுவிடும். உண்மையிலேயே நிரந்தரமாக்க வேறொரு தனி ஆணை உண்டு. இது அவர்கள் ஆவணத்திலேயே எழுதியிருப்பதுதான், ரகசியமல்ல. ஆனால் 2022 பிப்ரவரியில் மார்ட்டின் லினக்ஸை வைத்து அளந்தபோதுதான் அந்தத் தனி ஆணை இந்த வட்டுகளில் எவ்வளவு மெதுவானது என்பது பொதுவெளிக்கு வந்தது. நொடிக்குச் சில பத்து முறைகள்தான் முடிந்தது. விளம்பரத்தில் பார்க்கும் வேகம், ‘எழுதியாகிவிட்டது’ என்கிற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று ஆகிறது. சுதந்திரமான இயக்கி வட்டை வேகமாக்கவில்லை. வேகம் என்று சொல்லப்பட்டது என்ன என்பதைக் கேட்க வைத்தது.

‘அட, வேலை செஞ்சா போதாதா சார்? யார் எழுதினா என்ன?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஏளனமாகத் தள்ளக் கூடாது. அதற்குப் பதில் சொல்ல இயக்கிக்கும் கீழே இறங்க வேண்டும்.

ஃபிளாஷ் சில்லில் ஒரு இடத்தில் எழுதியதன் மேலேயே திரும்ப எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக; அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை தடவைதான் அழிக்கலாம் என்று கணக்குண்டு. இன்றைய சில்லுகளில் அது சில ஆயிரங்களைத் தாண்டாது. எனவே வட்டுக்குள்ளேயே ஒரு சிறிய கணினி உட்கார்ந்துகொண்டு, நீங்கள் ‘1000ஆம் இடத்தில் எழுது’ என்றால் வேறெங்கோ காலியான பக்கத்தில் எழுதிவிட்டு, ‘1000 என்றால் இனி இது’ என்று தன் அட்டவணையில் மாற்றிக்கொள்கிறது. பழையது அங்கேயே கிடக்கும், எப்போதாவது கூட்டிப் பெருக்கும்வரை. இயங்குதளம் காணும் முகவரி ஒரு குறிப்பான் மட்டுமே. அது சுட்டும் பொருள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, சுட்டுகிறவருக்குத் தெரியாமல். ‘அழித்துவிட்டேன்’ என்பதும் அப்படியே. குறிப்பான் அழிந்தது, பொருள் எங்கோ இருக்கிறது. மொழியியல் படித்தவர்கள் இதைவிட நேரடியான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

இந்தப் புனைவைக் கட்டும் நிரல் வட்டின் ஃபர்ம்வேர். சந்தையில் கிடைக்கும் வட்டுகளில் அது மூடியே கிடக்கிறது. ஓப்பன்பிஎஸ்டியானாலும் ஹைக்குவானாலும் லினக்ஸானாலும், நாம் பேசுவது இந்தக் கதைசொல்லியோடுதான். ஸ்டால்மன் காலத்தில் இயக்கியில் இருந்த அதிகாரத்தின் பெரும்பங்கு இப்போது இயக்கியைவிட்டு இறங்கிக் கருவிக்குள் போய்விட்டது. மீட்டெடுத்த இடம் காலி செய்யப்பட்ட இடம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அது கொஞ்சம் மிகை. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையே, பயனாளி மாற்றும்படி அமையாத துணைச் செயலிக்குள் உறைந்துகிடக்கும் நிரலை வன்பொருளின் பகுதியாக எண்ணிக்கொள்ளலாம் என்று தன் சான்றிதழ் விதிகளில் விலக்கு வைத்திருக்கிறது. நடைமுறைக்கு வேறு வழியில்லைதான். ஆனால் மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் நடுவிலான கோட்டை ‘நம்மால் தொட முடியுமா’ என்பது தீர்மானிக்கும் என்றால், தொட முடியாதபடி செய்வதே குற்றத்திலிருந்து தப்பும் வழியாகிவிடாதா?

உறைந்ததன் விலை என்ன? 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியது. குறிப்பிட்ட சில திடநிலை வட்டுகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவை மீட்க முடியாது, உடனே ஃபர்ம்வேரை மாற்றுங்கள். அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் ஒரே நேரத்தில் சாகும். ஒன்று போனால் இன்னொன்று காக்கும் என்று அடுக்கி வைத்த ஏற்பாடெல்லாம் அர்த்தமிழந்துவிடும். 32,768 என்கிற எண்ணைப் பார்த்த எந்த நிரலாளருக்கும் சிரிப்பு வரும், பிறகு வயிறு கலங்கும். 16 பிட்டில் குறியோடு எண்ணுகிறவர்கள் 32,767ஐத் தாண்டினால் எங்கே போய் விழுவார்கள் என்பது முதல் வருடப் பாடம். மூலநிரல் வெளியே இருந்திருந்தால் யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; திறந்த நிரலில் வருஷக்கணக்காகப் பிழைகள் தூங்குவதுண்டு. ஆனால் பார்க்கும் சாத்தியமே இல்லாதது வேறு.

நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் கார்லோ மெய்ஜரும் பெர்னார்ட் வான் காஸ்டலும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் மோசமானதைக் காட்டியது. தானே தரவை மறையாக்கம் செய்துகொள்வதாகச் சொல்லும் க்ரூஷியல், சாம்சங் வட்டுகள் சிலவற்றின் ஃபர்ம்வேரைப் பிரித்துப் படித்தார்கள். சிலவற்றில் பயனாளி தரும் கடவுச்சொல்லுக்கும் தரவைப் பூட்டும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதாக ஒரு சடங்கு. சடங்கைத் தாண்டிவிட்டால் எல்லாம் திறந்து கிடக்கும். விண்டோஸின் பிட்லாக்கர், வட்டு ‘நானே பூட்டிக்கொள்கிறேன்’ என்று சொன்னால் நம்பி ஒதுங்கிக்கொண்டிருந்தது. 2019இல்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றியது. வேலை செஞ்சா போதாதா என்றால், அந்த வட்டுகள் மிக நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன.

எதிர்த்திசையில் ஒரு சம்பவம். 2015இல் அல்கோலியா என்ற நிறுவனத்தின் சேவையகங்களில் கோப்புகளின் நடுவே திடீர் திடீரென்று பூஜ்யங்கள் முளைத்தன. சாம்சங் வட்டுகள்மேல் பழி போட்டார்கள், எல்லோரும் நம்பினார்கள். சாம்சங் பொறியாளர்கள் உட்கார்ந்து லினக்ஸ் கர்னலைப் படித்து, பிழை கர்னலிலேயே இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தமும் தந்தார்கள். திறந்த நிரல் பிழையற்றது என்ற பக்திக்கு நல்ல மறுப்பு. ஆனால் பாருங்கள், நிறுவனத்தால் நம் பக்கத்துப் பிரதியைப் படித்துத் தன்மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. பழி மாறி விழுந்திருந்தால் நாம் எதைப் படிப்பது?

இந்தச் சமனின்மையைக் கவிழ்க்க ஒரு முயற்சி நடக்காமலில்லை. கோபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேர்கொண்ட லைட்என்விஎம் என்கிற அமைப்பு, முகவரி அட்டவணையையும் பெருக்கித் துடைக்கும் வேலையையும் வட்டிடமிருந்து வாங்கி இயங்குதளத்திடமே கொடுக்கப் பார்த்தது. 2016 ஜனவரியில் 4.4ஆம் பதிப்போடு லினக்ஸில் நுழைந்தது. அதற்கு ஏற்ற வட்டுகளைச் செய்வதில் உற்பத்தியாளர்களுக்குப் பெரிய ஆர்வமில்லை. தங்கள் சில்லின் பலவீனங்களையெல்லாம் வெளியே காட்டச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? 2020இல் மண்டலங்களாகப் பிரிக்கும் முறை ஒன்று என்விஎம்இ வரையறைக்குள்ளேயே சமரசமாக வந்தது. 2021இல் 5.15ஆம் பதிப்பில் லைட்என்விஎம் நிரல் நீக்கப்பட்டது.

யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள், எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் ஓரிரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஹைக்குவுக்கு 2021இலிருந்து நன்கொடைப் பணத்தில் ஒரே ஒருவர் முழுநேர ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். அசாஹியும் நன்கொடையில் நடப்பதே. 2025 பிப்ரவரியில் மார்ட்டின் சோர்ந்துபோய் விலகினார்; பொறுப்பு ஒரு குழுவுக்குப் போனது. ஆப்பிள் ஒவ்வொரு புதிய சில்லிலும் இலக்கணத்தைச் சற்றே மாற்றுகிறது. கேட்டுக் கேட்டு எழுதுகிற வேலை மறுபடி தொடங்குகிறது.

வட்டின் இரு பக்கத்தையும் படிக்கக் கிடைப்பது தென்கொரியாவின் ஹன்யாங் பல்கலைக்கழகம் செய்த காஸ்மோஸ் ஓப்பன்எஸ்எஸ்டி போன்ற ஒரு சில ஆய்வுக்கூடப் பலகைகளில்தான். மறுநிரலாக்கச் சில்லின்மேல் கட்டிய என்விஎம்இ வட்டு அது. உள்ளிருக்கும் ஃபர்ம்வேரின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறது. 1000ஆம் இடம் என்று நீங்கள் எழுதியது எந்தச் சில்லின் எந்தப் பக்கத்துக்குப் போனது என்று வரிவரியாகப் பின்தொடரலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். மடிக்கணினிக்குள் அது நுழையாது.